பழைய கட்டடத்தைத் திருத்தக் காசு கிடைக்கும், திறந்து வைத்திருக்க நாங்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆளுக்கொரு சொந்த மண்டபம் வாங்கவேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரையையும், அதை ஒட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் வாசித்தேன். எல்லோரும் காட்டிய வழி ஒன்றுதான்: அங்கத்தவர்களிடம் நிதி சேர்ப்பது, வங்கியில் கடன் எடுப்பது, நகருக்கு வெளியே ஏதாவது கைத்தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கை வாங்கி உள்ளே மேடை கட்டுவது. அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. இத்தனை வருடமாகப் பிறருடைய மண்டபத்தில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, இரவு நேரம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டு வெளியேறுகிற சமூகத்துக்கு அந்த ஆசை வருவது நியாயம். ஆனால் கிடங்கு பார்க்கப் போவதற்கு முன்பு, நாங்கள் வசிக்கும் தெருக்களிலேயே மூடிக்கிடக்கும் பழைய கட்டடங்களை ஒருமுறை பாருங்கள் என்று கேட்கிறேன். பழைய நூலகம், பழைய நகரமண்டபம், ஆட்கள் குறைந்து பூட்டிய தேவாலயம், பழைய நீச்சல்குளம். இவற்றைத் திருத்தி ஊர்மக்கள் பாவனைக்குத் திறப்பதற்கென்றே இந்த நாட்டில் மானியங்கள் இருக்கின்றன. அந்த மானியங்களைக் கேட்டுப் போகிறவர்களில் எங்கள் ஆட்களைக் காண்பது அரிது.

தெற்கு இலண்டனில் அப்படிப்பட்ட மண்டபம் ஒன்றை நடத்தும் சிறிய அறக்கட்டளைக்கு நான் பொருளாளர். விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசியில் கட்டிய செங்கல் கட்டடம். பாதுகாக்கப்படவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருக்கிறது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அங்கேதான் வாடகைக்கு நடந்தது. உள்ளூர்ச் சபை அதைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும் அயலவர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போய்விடுமே என்ற பயத்தில் பெற்றோர் சார்பில் நானும் போனேன். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கொழும்பிலும் பிறகு இங்கும் கணக்கெழுதியே ஓய்வுபெற்றவள் நான்; கையை உயர்த்தினேன். இன்றைக்கு அந்த மண்டபம் நீண்டகாலக் குத்தகையில் எங்கள் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஆகவே நான் இங்கே சொல்வதெல்லாம் பற்றுச்சீட்டுகளைக் கையில் வைத்திருக்கிற ஒருத்தியின் பேச்சு.

கட்டடங்கள் கைமாறி வாழ்வது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. பிரிக் லேன் தெருவில் இருக்கும் பள்ளிவாசலை 1743 இல் கட்டியவர்கள், பிரான்சில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு வந்த ஹியூகனோட் மக்கள். பிறகு அது மெதடிஸ்த சபையாரிடம் போனது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து உயிர்தப்பி வந்த யூதர்களின் தொழுகைக்கூடமாக மாறியது. 1976 முதல் வங்காளிகளின் பள்ளிவாசல். ஒரே சுவர்களுக்குள் நான்கு சமூகங்கள். நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். ஹைகேற் முருகன் கோயில் இருக்கும் இடத்தில் முன்பு யூதத் தொழுகைக்கூடம் இருந்தது. மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் வீற்றிருப்பது ஒரு காலத்தில் கிறிஸ்தவ ஆலயமாக இருந்த கட்டடத்தில். கோயில் என்று வந்தபோது பழைய சுவர்களுக்கு எங்கள் மக்கள் பயப்படவில்லை. கைக்காசைப் போட்டு வாங்கினார்கள், கைக்காசிலேயே காப்பாற்றுகிறார்கள். மண்டபம், நூல்நிலையம், முதியோர் கூடம் என்று வரும்போது மட்டும் ஏன் கிடங்கைத் தேடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

காசு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பெரியது தேசிய லொத்தர் மரபு நிதியம். 1994 இல் தேசிய லொத்தர் தொடங்கியதிலிருந்து, விற்கும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பங்கு நல்ல காரியங்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது; அதில் மரபுக்குரிய பங்கு இந்த நிதியத்துக்குப் போகிறது. இந்த நாட்டில் லொத்தர் சீட்டு விற்கும் மூலைக்கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் எத்தனை எங்கள் ஆட்களுடையவை என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அதிகாலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, அந்தச் சீட்டு இயந்திரத்துக்கு முன்னால் நின்று, அந்த நிதியத்துக்குக் காசு சேர்த்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அதிலிருந்து கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

10,000 பவுணிலிருந்து 250,000 பவுண் வரை கேட்டால் ஒரே விண்ணப்பம். அதற்கு மேல் ஒரு கோடி பவுண் வரை கேட்கிறவர்கள் முதலில் தங்கள் எண்ணத்தைச் சுருக்கமாக எழுதி அனுப்பவேண்டும். அவர்கள் வரச்சொன்னால் இரண்டு கட்டமாக விண்ணப்பிக்கவேண்டும்: திட்டத்தைத் தயாரிக்க ஒரு தொகை, பிறகு வேலையைச் செய்ய ஒரு தொகை. முதற்கட்டம் கிடைத்ததால் இரண்டாவதும் கிடைத்துவிடும் என்ற உறுதி இல்லை. மரபைக் காப்பாற்றுதல், சூழலைக் காத்தல், எல்லோரையும் உள்வாங்குதல், அமைப்பின் நிலைத்த தன்மை ஆகிய நான்கையும் வைத்துத்தான் அவர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நிறுக்கிறார்கள். இதில் மூன்றாவதைக் கவனியுங்கள். பழைய கட்டடத்தைக் காப்பாற்றப் புறப்படும் உள்ளூர்க் குழுக்களில் பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். நல்ல மனிதர்கள், கட்டடத்தின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள். ஆனால் “யார் வருவார்கள்?” என்ற கேள்விக்கு வரும்போது அவர்கள் பேனா நின்றுவிடுகிறது. வாரந்தோறும் பிள்ளைகளும் பெற்றோரும் பேரன் பேத்தியோடு தாத்தா பாட்டியும் வந்துபோகிற பள்ளிக்கூடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது அதுதான்.

அடுத்தது கட்டடக்கலை மரபு நிதியம். 1976 முதல் இருக்கிறது. பெரிய நிதியம் அல்ல. ஆனால் சிறு குழுக்களுக்கு முதல் காசு கொடுப்பது பெரும்பாலும் இதுதான். முதல் காசு என்று நான் சொல்வதை விளக்கவேண்டும். ஒரு கட்டடத்தை எடுத்து நடத்தலாமா என்று தீர்மானிக்கவே செலவு இருக்கிறது. கூரையில் ஏறிப் பார்த்து நிலைமை அறிக்கை எழுத ஒருவர், அளந்து வரைபடம் கீற ஒருவர், திருத்த எவ்வளவு முடியும் என்று மதிப்பிட ஒருவர், அதன் பிறகு வருமானம் செலவைத் தாங்குமா என்று கணக்குப் போட ஒருவர். கையில் கட்டடம் இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் இத்தனை பேருக்கும் கூலி கொடுக்கவேண்டும். நன்கொடை கேட்டுப் போனால், கட்டடம் கிடைத்த பிறகு வாருங்கள் என்பார்கள். பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்திலேயே செத்துப்போகின்றன. அந்த நிதியம் இப்படியான சாத்தியப்பாட்டு ஆய்வுக்குச் சிறு மானியம் கொடுக்கிறது. பிறகு வேலைக்குக் கடனும் கொடுக்கிறது. ஆய்வின் முடிவு “இந்தக் கட்டடத்தை எடுக்காதீர்கள்” என்று வந்தால்கூட அந்தக் காசு வீணல்ல. பல இலட்சம் பவுண் கடனில் விழாமல் ஒரு சங்கம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. 2021 இல் அரசாங்கம் சமூக உடைமை நிதியம் என்று 15 கோடி பவுணை ஒதுக்கியது. மூடப்படும் ஆபத்தில் இருந்த மதுச்சாலை, கடை, மண்டபம், விளையாட்டரங்கு போன்றவற்றை ஊரவர்களே வாங்கிக்கொள்வதற்கான காசு அது. 2024 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். 2025 இல் இங்கிலாந்துக்கென்று மரபு மீட்பு நிதி என்ற பெயரில் சுமார் 50 இலட்சம் பவுண், மேலே சொன்ன கட்டடக்கலை மரபு நிதியத்தின் வழியாக வந்தது. கைவிடப்பட்ட பழைய கட்டடங்களைச் சமூகம் பொறுப்பெடுத்துப் பயன்படுத்துவதற்கென்றே வந்த காசு என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் முன்னையது நாடு முழுவதற்கும் பல வருடத்துக்கு வந்தது, பின்னையது இங்கிலாந்துக்கு மட்டும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், முப்பது பவுண் இருந்த இடத்தில் ஒரு பவுண் வந்திருக்கிறது.

இனிக் கட்டடத்துக்குள் வருவோம். கிடங்கு வாங்க நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கவேண்டும். பழைய கட்டடத்தின் செலவை மறைத்து நான் யாரையும் இழுக்க விரும்பவில்லை.

எங்கள் மண்டபத்தின் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. எங்களுக்கு முன்பு யாரோ, எப்போதோ, செங்கல்லுக்கு இடையில் உதிர்ந்த சாந்தைச் சீமெந்தால் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். சீமெந்து விடாது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே நின்று, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தை உரித்துக்கொண்டு வரும். அந்தச் சீமெந்தை உளியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசவேண்டும். அதைச் செய்யத் தெரிந்த மேசன்மார் குறைவு, கூலியும் கூட. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்பில் கட்டிய பழைய நாற்சார் வீடுகளுக்குச் சீமெந்து பூசியபோது நடந்ததும் இதுதான் என்று அங்கே வீடு கட்டிய அனுபவமுள்ள எங்கள் பள்ளிக்கூடப் பெற்றோர் ஒருவர் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் எங்கள் குழுவில் பலருக்கு இந்தச் செலவு ஏன் தேவை என்று விளங்கியது.

கூரை இன்னொன்று. இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்தில் ஈயத் தகடு போட்ட பீலி இருக்கும். அதில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பி, மரத்தின் நுனியை உக்கவைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. முகட்டில் கறை தெரியும்போது மரம் போய்விட்டிருக்கும். பீலி துப்பரவாக்க வருடம் இரண்டு முறை ஓர் ஏணிக்காரருக்குக் கொடுக்கும் காசு, அந்த மரத்தை மாற்றும் காசில் ஒரு சிறு துளி. 1877 இல் வில்லியம் மொறிஸ் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்வது இந்த அன்றாடப் பராமரிப்பைத்தான். ஆனால் கூரையை மாற்ற மானியம் கிடைக்கும். பீலி துப்பரவாக்க மானியம் கேட்டால் அது உங்கள் வழக்கமான செலவு என்பார்கள்.

அடுத்து வரி. புதிதாக வீடு கட்டினால் வற் (VAT) என்ற பெறுமதி சேர் வரி இல்லை. நூறு வருடம் நின்ற கட்டடத்தைத் திருத்தினால் 20 சதவீதம். 2012 ஒக்ரோபர் வரை, பட்டியலில் உள்ள கட்டடங்களில் அனுமதியுடன் செய்யும் மாற்றங்களுக்கு ஒரு விலக்கு இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு இலட்சம் பவுணுக்குக் கூரை வேலை செய்தால் அதற்கு மேல் இருபதினாயிரம் பவுண் திறைசேரிக்குப் போகிறது; மொத்தச் செலவு 120,000 பவுண். அதாவது அரசாங்கம் ஒரு கையால் மரபைக் காக்க மானியம் தருகிறது. அதில் ஆறில் ஒரு பங்கை மறுகையால் திருப்பி எடுக்கிறது. இது எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி. தமிழர்கள் அதிகமாக வாழும் தொகுதிகளில் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வருகிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் இதையும் கேட்கலாம்.

இவ்வளவு செலவையும் மானியம் தாங்கினால்கூடப் போதாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் தென்கரையில் இருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஹேஸ்டிங்ஸ் நகரத்துக் கடற்பாலம் 1872 இல் திறக்கப்பட்டது. 2010 ஒக்ரோபரில் தீயில் பெரும்பகுதி எரிந்துபோனது. ஊரவர்கள் விடவில்லை. அறக்கட்டளை அமைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் பங்கு வாங்கினார்கள், லொத்தர் மரபு நிதியம் ஒரு கோடி பவுணுக்கு மேல் கொடுத்தது. 2016 ஏப்ரலில் பாலம் மீண்டும் திறந்தது. 2017 ஒக்ரோபர் இறுதியில், பிரித்தானியக் கட்டடக்கலையின் மிகப் பெரிய பரிசான ஸ்டேர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது. அடுத்த மாதமே அந்த அறக்கட்டளை கடனைச் சமாளிக்க முடியாமல், நொடித்துப்போன அமைப்புகளைச் சட்டப்படி பொறுப்பெடுக்கும் நிர்வாகிகளின் கைக்குப் போனது. 2018 இல் பாலம் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டது. பங்கு வாங்கிய ஊரவர்களுக்குப் பாலமும் இல்லை, காசும் இல்லை.

எங்கள் அறக்கட்டளைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்வேன். அங்கே வேலை மோசமாக நடக்கவில்லை. மிகச் சிறப்பாக நடந்தது. மானியமும் குறைவாகக் கிடைக்கவில்லை. கட்டி முடித்த பிறகு வரும் சாதாரண திங்கட்கிழமைக்கான வருமானம்தான் இருக்கவில்லை. காப்புறுதி, மின்சாரம், வெப்பமூட்டி, காவல், துப்பரவு, தீயணைப்புச் சோதனை, மின்தூக்கிச் சோதனை. கட்டடம் வெறுமையாக இருந்தாலும் இந்தக் கட்டணங்கள் வந்துகொண்டே இருக்கும். எங்கள் கணக்கிலும் வருடாவருடம் மிகப் பெரிய செலவுகள் இவைதான். இவற்றுக்கு எந்த நிதியமும் நீண்டகாலத்துக்குக் காசு தருவதில்லை. இவற்றைக் கட்டுவது வாடகை. வாடகை என்றால் தவறாமல் வருகிற ஆட்கள்.

ஸ்ட்ரெட்போர்ட் மண்டபத்தைப் பாருங்கள். மன்செஸ்டருக்குப் பக்கத்தில், 1878 இல் ஜோன் றைலண்ட்ஸ் என்ற பருத்தி வியாபாரி கட்டிக்கொடுத்தது. (அவர் இறந்தபின் அவருடைய மனைவி அவர் நினைவாகக் கட்டிய நூலகம் மன்செஸ்டரில் இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது, கல்லில் செய்த புத்தகப் பேழை, பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும்.) உள்ளூர்ச் சபை அந்த மண்டபத்தைக் கைவிட்டபோது, அதன் நண்பர்கள் என்று ஊரவர் ஒரு சங்கம் அமைத்துச் சபையிடமிருந்து பொறுப்பெடுத்தார்கள். 2017 இல் ஊரவர்களே வாங்கக்கூடிய சமூகப் பங்கு வெளியிட்டு இரண்டரை இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டி, மேல்மாடி நடனமண்டபத்தைத் திருத்தினார்கள். சமூகப் பங்கின் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. 2014 ஆம் ஆண்டின் கூட்டுறவு மற்றும் சமூகநலச் சங்கச் சட்டத்தின்கீழ் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். நூறு பவுண் போட்டவருக்கும் பத்தாயிரம் பவுண் போட்டவருக்கும் ஒரே அளவு அதிகாரம். பெரும் பணம் போட்ட ஓரிருவரின் கையில் சங்கம் போய், பிறகு உடைந்து, வழக்கு மன்றத்தில் நின்ற கதைகள் எங்கள் சமூகத்தில் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. கிடங்கு வாங்கப் புறப்படுகிறவர்கள்கூட இந்தச் சட்டத்தை ஒருமுறை படிக்கவேண்டும்.

நான் சொல்லவந்த விடயம் இதுதான். எங்கள் சங்கங்கள் பழைய கட்டடம் ஒன்றைத் தனியாக எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இப்படிப் போராடிக்கொண்டிருக்கும் உள்ளூர் அறக்கட்டளையில் போய்ச் சேருங்கள். வாடகைக்காரராக மட்டும் சேராமல் அங்கத்தவராக, அறங்காவலராகச் சேருங்கள். அவர்களுக்கு நிலைத்த பாவனையாளர் தேவை. எங்களுக்கு நிலைத்த இடம் தேவை. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, மாலையில் மிருதங்க, வயலின் வகுப்பு, ஞாயிறு பரதநாட்டியம், புதன்கிழமை பகலில் முதியோர் ஒன்றுகூடல். இது ஒரு கட்டடத்தின் வாராந்த வருமானத்தில் கணிசமான பகுதி. எங்கள் மண்டபத்தில், மாதம் முடிய நான் கணக்கை மூடும்போது, மின்கட்டணத்துக்கும் காப்புறுதிக்கும் கைகொடுப்பது தமிழ்ப் பள்ளியின் வாடகைதான். முன்பு அதே வாடகையைத்தான் கொடுத்தோம். கூட்டத்தில் எங்களுக்குக் கதிரை இருக்கவில்லை. இப்போது திறப்பு எங்களிடமும் இருக்கிறது. பாடப்புத்தகங்களை வைக்க அலுமாரி இருக்கிறது. வாரந்தோறும் கார்ப் பெட்டியில் ஏற்றி இறக்கிய வீணை இப்போது மேல்மாடி அறையிலேயே இருக்கிறது.

இது எங்களுக்குப் புதுப் பழக்கமும் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருந்தது. சந்தா கட்டி, முறைவைத்துத் திறந்து, காலையில் பத்திரிகை விரித்துவைத்து, பின்னேரம் கரம் போட் அடித்து, வருடாந்தக் கூட்டத்தில் கணக்குக் கேட்டுச் சண்டை பிடித்து நடத்திய மக்கள் நாங்கள். அங்கே யாரும் எங்களுக்கு மானியம் தந்து ஆளனுப்பித் திறக்கவில்லை. கட்டடத்தைத் திறந்து வைத்திருப்பது எப்படி என்பது எங்களுக்குத் தெரியும்.

எதிராகச் சொல்லப்படுவதையும் நான் கேட்டிருக்கிறேன். அறுநூறு பேருக்குக் கல்யாணம் வைக்க முடியாது என்பார்கள். உண்மை, அதற்குப் பெரிய விருந்துமண்டபங்கள் இருக்கின்றன. கார் நிறுத்த இடமில்லை என்பார்கள். அதுவும் உண்மை, பழைய கட்டடங்கள் பெரும்பாலும் புகையிரத நிலையத்துக்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் பக்கத்தில் இருப்பதால், கார் ஓட்டாத எங்கள் அம்மம்மாமாருக்கு அது வசதி. கைத்தொழிற்பேட்டைக்கு அவர்கள் எப்படிப் போவது? சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கவேண்டும் என்பார்கள். ஓரளவு உண்மை. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர்ச் சபையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்வது குற்றம். மேடைக்கு விளக்குப் போட நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில், சுவரைத் தொடாமல் தனித்து நிற்கும் கம்பத்தில் போட்டோம். அது வேறு நிகழ்ச்சிகளுக்கும் உதவுகிறது.

இன்னொரு மறுப்பை மெதுவாகச் சொல்வார்கள்: அவர்கள் எங்களைச் சேர்ப்பார்களா? எங்கள் சாப்பாட்டு வாசம், எங்கள் சத்தம், எங்கள் கூட்டம் பிந்தி முடிவது. எங்கள் குழுவிலும் முதல் வருடத்தில் முகச்சுளிப்புகள் இருந்தன, நான் மறைக்கவில்லை. குத்துவிளக்கு ஏற்றுவதா என்று தீ ஆபத்தைப் பற்றி ஒரு கூட்டம் முழுவதும் பேசினோம். ஈரக் கம்பளம் பக்கத்தில், தீயணைப்பான் கையெட்டில், ஒருவர் அருகில் நிற்பது என்று எழுதிவைத்து முடிவெடுத்தோம். அந்தக் கூட்டத்தில் எதிராகப் பேசிய பெரியவர்தான் போன நவராத்திரிக்குத் தன் வீட்டிலிருந்து பித்தளைத் தட்டு கொண்டுவந்தார். மேசையில் இருந்தால் பேசலாம். வாடகைச் சீட்டோடு நின்றால் பேச முடியாது.

நிதியங்களிடமும் அரசாங்கத்திடமும் கேட்கவேண்டியது, கட்டடம் திறந்த பின் குறைந்தது முதல் மூன்று வருடத்துக்கு, ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போகும் நடைமுறைச் செலவு உதவி. கட்டட வேலைக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே, புதிதாகத் திறந்த மண்டபம் தன் பாவனையாளர்களைத் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஒரு முகாமையாளரின் சம்பளம் இல்லாமல் தொண்டர்களை வைத்தே ஓட்டினால், இரண்டு வருடத்தில் தொண்டர்கள் களைத்துவிடுகிறார்கள். பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஹேஸ்டிங்ஸில் அவ்வளவு காசைப் போட்ட பிறகாவது இந்தப் பாடத்தைப் படித்திருக்கவேண்டும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். இந்த நிதியங்களின் விண்ணப்பத் திகதிகளைத் தமிழில், கோயில் திருவிழா அறிவித்தல்களுக்குப் பக்கத்தில், ஒரு சிறு பெட்டியில் போடுங்கள். அவை ஆங்கிலத்தில் இணையத்தில் இருக்கின்றன என்பது சரி. எங்கள் சங்கச் செயலாளர்கள் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை, ஆனால் உங்கள் பத்திரிகையைப் பார்க்கிறார்கள்.

காசு தேவைப்படாத ஒரு காரியம் இப்போதே செய்யலாம். 2011 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் ஒரு கட்டடத்தைச் சமூகப் பெறுமதியுள்ள ஆதனமாகப் பட்டியலிடும்படி உள்ளூர்ச் சபையிடம் கேட்கலாம். பதிவுசெய்த சங்கம் இல்லாவிட்டாலும், அந்தப் பகுதி வாக்காளர் இடாப்பில் உள்ள 21 பேர் சேர்ந்து கேட்கலாம். ஒரு சாதாரண தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் 21 பேர் இருப்பார்கள். ஒருமுறை பட்டியலிட்டால் ஐந்து வருடத்துக்கு நிற்கும். உரிமையாளர் விற்கப் புறப்பட்டால் முதலில் ஆறு வாரம் அவகாசம்; அதற்குள் ஊரவர் விருப்பம் தெரிவித்தால் மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிறுத்திவைக்கப்படும். உரிமையாளர் எங்களுக்குத்தான் விற்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; அது அதன் பலவீனம். 2025 யூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சட்டமூலம், அந்த ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக்கி, முதலில் வாங்கும் உரிமையைச் சமூகத்துக்குக் கொடுக்க முன்மொழிந்தது. மானியத்துக்கு விண்ணப்பித்துப் பதில் வரும் காலத்தைப் பார்த்தால் ஆறு மாதம் எதற்கும் காணாது; பன்னிரண்டு மாதம் என்றால் ஏதோ செய்யலாம்.

உங்கள் தெருவில் பூட்டிக்கிடக்கும் நூலகமோ மண்டபமோ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளூர்ச் சபையின் இணையத்தளத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் படிவத்தை எடுங்கள். அதில் முக்கியமான கேள்வி, இந்தக் கட்டடம் ஊரவரின் சமூக வாழ்வுக்கு எப்படிப் பயன்பட்டது, இனி எப்படிப் பயன்படும் என்பதுதான். முதற்பாதிக்குப் பக்கத்து வீட்டு ஆங்கிலேய முதியவரிடம் போய்க் கேளுங்கள். அவருடைய கல்யாணமே அங்கேதான் நடந்திருக்கும். இரண்டாம் பாதியை நாங்கள் எழுதலாம். அதை எழுத உதவி வேண்டுமென்று யாராவது பத்திரிகைக்கு எழுதினால் அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பிவையுங்கள். வேலைநாள் மாலைகளில் நேரம் இருக்கிறது; சனிக்கிழமை மட்டும் பள்ளிக்கூடம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
தெற்கு இலண்டன்